ழான் மோரோவை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பழைய பிரெஞ்சுப் படங்கள் பார்க்க வேண்டும், எதில் ஆரம்பிக்கலாம் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில், சப்டைட்டிலின் கீழ்வரி திரைக்கு வெளியே போய்விட்ட ஒரு பிரதியில் பார்த்தேன். யார் யாரைக் காதலிக்கிறார்கள், நடுவில் ஏன் போர் வருகிறது, அந்தப் பெண்ணுக்கு என்னதான் வேண்டும், ஒன்றும் பிடிபடவில்லை. முகம் மட்டும் மனசில் நின்றுவிட்டது. சும்மா இருக்கும்போது உதட்டின் இரண்டு ஓரமும் கீழே இறங்கி, நம் மேல் ஏதோ மனத்தாங்கல் போல என்று நினைக்க வைக்கிற முகம். சிரித்தால் அந்த நொடியே வேறு ஆள்.

அந்த முகம் பிரெஞ்சு நடிகை ழான் மோரோவுடையது. பல வருடம் கழித்து அவருடைய படங்களை வேறு வரிசையில் பார்த்தபோது எல்லாம் தானாகத் திறந்துகொண்டது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கானது, நிபுணர்களுக்கு இல்லை. நாலைந்து வார இறுதிகள் ஒதுக்கினால் முக்கியமானவற்றை முடித்துவிடலாம். படப் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் புழங்குகிற பெயரிலேயே தருகிறேன், தேடுவதற்கு அதுதான் வசதி.

பெயரை எப்படிச் சொல்வது என்று ஒரு சின்ன விஷயம். 'ஜீன் மோரியூ' என்று படித்துவிடாதீர்கள். தமிழில் ழான் என்று எழுதுவது புதுச்சேரி வழக்கம், ஆனால் அந்தப் பிரெஞ்சு ஒலி நம் ழகரம் இல்லை; ஜகரத்தையும் ஷகரத்தையும் கலந்தாற்போல் நாக்கை மடிக்காமல் சொல்ல வேண்டும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

1928 ஜனவரி 23, பாரிஸில் பிறந்தவர். அப்பா உணவகம் நடத்தியவர். அம்மா இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்திலிருந்து பாரிஸுக்கு வந்து ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஆடிய நடனக்காரர். மோரோ ஆங்கிலம் சரளமாகப் பேசியது இதனால்தான், பின்னால் அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் படங்களில் இது உதவியது. போர்க்காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில், பதினாறு வயது வாக்கில் அனுயி எழுதிய 'ஆன்டிகனி' நாடகத்தைப் பார்த்துவிட்டு நடிகையாவது என்று முடிவு செய்தார். அப்பாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் பாரிஸின் நடிப்புப் பள்ளியான கான்சர்வத்வாரில் படித்து, இருபது வயதை ஒட்டி பிரான்ஸின் அரசு நாடகக் குழுவான கொமெதி ஃபிரான்சேஸில் சேர்ந்தார். இன்று உலகமே போகிற அவிஞ்ஞோன் நாடக விழா 1947-ல் முதன்முதலாக நடந்தபோது அந்த மேடையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். 1951-ல் அதே விழாவில் ஜெரார் ஃபிலிப்புடன் நடித்தார். அப்போது பிரான்ஸில் ஜெரார் ஃபிலிப் என்றால் பெண்கள் கூட்டம் முண்டியடிக்கும்.

இதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. உலக சினிமா அவரைக் கண்டுகொண்டபோது அவருக்குக் கிட்டத்தட்ட 30 வயது. அதற்கு முன் பத்து வருட மேடை அனுபவமும் சுமார் 20 படங்களும் கையில் இருந்தன. அந்தப் படங்களில் அவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. முகம் சமச்சீராக இல்லை, கண்ணுக்குக் கீழே கருவளையம், கேமராவுக்கு ஏற்ற முகமில்லை என்று சொல்லி மேக்கப்பை அப்பி, அப்பிய மேக்கப்பின் மேல் லைட்டைப் போட்டு எடுத்தார்கள். நாடகத்தில் பெரிய நடிகை, சினிமாவில் இரண்டாம் தரக் குற்றப்படங்களின் கதாநாயகி. இந்த இரட்டை வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால்தான் அடுத்து நடந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

முதல் படி: முகமூடி போட்ட மோரோவைப் பாருங்கள்

'தூஷே பா ஓ கிரிஸ்பி', 1954, இயக்கம் ழாக் பெக்கர். ஆங்கிலத்திலும் பெரும்பாலும் இந்தப் பிரெஞ்சுப் பெயரில்தான் கிடைக்கும். வயதாகிவிட்ட ஒரு கொள்ளைக்காரர், கடைசியாக ஒரு தங்கக்கட்டி வேலையை முடித்துவிட்டு ஓய்வு பெற நினைக்கிறார், நண்பனின் அசட்டுத்தனத்தால் எல்லாம் கெடுகிறது. கதாநாயகன் ழான் காபன். மோரோ அந்த நண்பனின் காதலியாக, கேபரே நடனக்காரி ஜோசியாக வருகிறார். தங்கத்தைப் பற்றி வாயை விட்டுவிடுகிற பெண், அதற்காகக் காபனிடம் அறையும் வாங்குகிறாள்.

இது மோரோ படம் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள், காபன் படம். இரண்டு கிழட்டுக் கொள்ளைக்காரர்கள் நடுராத்திரியில் ரஸ்க்கில் ஈரல் பசையைத் தடவிச் சாப்பிட்டுவிட்டு, பைஜாமா மாட்டிக்கொண்டு, பல் துலக்கிவிட்டுப் படுக்கிற காட்சிக்காகவே நான் இதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஆனால் நம் வேலைக்கு இங்கே கவனிக்க வேண்டியது ஜோசியின் முகம். பவுடர் பூசி, புருவம் தீட்டி, மெழுகு பொம்மை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். அந்த முகத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு, முடிந்தால் மறுநாளே அடுத்த படத்துக்குப் போங்கள்.

இரண்டாம் படி: மேக்கப் கலைந்த இரவு

இங்கேதான் நிஜமான தொடக்கம். 1958-ல் வெளியான படம், பெயரில் குழப்பம் உண்டு: அமெரிக்காவில் 'எலிவேட்டர் டு த கேலோஸ்', பிரிட்டனில் 'லிஃப்ட் டு த ஸ்காஃபோல்ட்', ரொம்பப் பழைய அமெரிக்கச் சுவரொட்டிகளில் 'ஃபிராண்டிக்'. மூன்றும் ஒரே படம்தான், மூன்று படம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். போலன்ஸ்கி எடுத்த ஃபிராண்டிக் வேறு.

இயக்குநர் லூயி மால், அப்போது 25 வயதுகூட நிரம்பாத பையன். அதற்கு முன் கடலடி ஆய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து மீன்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர். (நம்மில் சிலருக்கு மாலை வேறு வழியாகத் தெரிந்திருக்கும். பின்னால் இந்தியா வந்து ஓர் ஆவணத் தொடர் எடுத்தார், அதில் ஒரு பகுதி முழுக்க மெட்ராஸ்தான், தேர் இழுக்கிற காட்சியோடு.) கதை எளிது. ஃப்ளோரன்ஸ் ஓர் ஆயுத வியாபாரியின் மனைவி. அவளுடைய காதலன், அதே கம்பெனியில் வேலை பார்க்கிற முன்னாள் ராணுவக்காரன், அவள் கணவனைக் கொன்று தற்கொலை போல ஜோடித்துவிட்டுக் கிளம்புகிறான். கயிற்றை மறந்துவிடுகிறான். எடுக்கத் திரும்பிப் போகும்போது, ஆள் யாரும் இல்லை என்று காவலாளி மின்சாரத்தை நிறுத்த, லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். ராத்திரி முழுக்க அவன் லிஃப்டில், அவள் தெருவில்.

அவள் தெருவில் நடக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். காதலனைத் தேடி ஷாம்ஸ் எலிசே பெருவீதியில், மதுக்கடைகளில், மழையில் நடக்கிறாள். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாயே சினிமா லைட் எதுவும் வைக்காமல், கடை ஜன்னல்களிலிருந்து தெருவில் விழுகிற வெளிச்சத்திலேயே எடுத்தார். கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து அவர் முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். மோரோ முகத்தில் மேக்கப் கிட்டத்தட்ட இல்லை. முதல் வாரத்துப் படச்சுருளைக் கழுவிய லேப்காரர்கள் கொதித்துப்போய்த் தயாரிப்பாளரிடமே முறையிட்டார்களாம், இந்தப் பையன்கள் அந்த அம்மாவை நாசம் பண்ணுகிறார்கள் என்று. அத்தனை வருடம் மறைத்து வைத்திருந்த கருவளையமும் தொங்கும் உதடும்தான் இந்தப் படத்தை எடுத்து நிறுத்துகின்றன என்பது வெளிவந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பார்க்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, நடை. அவசரப்படுகிறாள், ஆனால் எங்கே போவது என்று தெரியாது. கால் ஓரிடம் போகும், கண் வேறிடம் தேடும். ஒரு கார் வேகமாக வரும்போது பார்க்காமலே குறுக்கே போவதைப் பாருங்கள். இரண்டாவது, இசை. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1957 டிசம்பரில் பாரிஸில் ஒரே இரவில், காட்சித் துண்டுகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபடியே நான்கு இசைக்கலைஞர்களுடன் சேர்ந்து வாசித்தது. எழுதி வைத்த இசை என்று பெரிதாக எதுவும் கிடையாது. படம் முழுவதிலும் சேர்த்தே இருபது நிமிடத்துக்குள்தான் வரும், ஆனால் படம் முடிந்தபின் ராத்திரி முழுக்க இசையைக் கேட்டாற்போல் இருக்கும். மூன்றாவதை முன்னாலேயே சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்வதால் கெட்டுப்போகாது: இந்தக் காதலர்கள் இருவரும் படத்தில் ஒரு காட்சியில்கூட ஒன்றாக வருவதில்லை. முதல் காட்சியே தொலைபேசி. அவர்கள் சேர்ந்திருப்பதை நாம் பார்ப்பது எங்கே, எந்த வடிவத்தில் என்பதைக் கடைசியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து பகலில் மொபைலில் பார்க்காதீர்கள். படத்தில் பாதி இருட்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, இருப்பதில் பெரிய திரையில், ராத்திரி பத்து மணிக்கு மேல். ஒன்றரை மணி நேரம்தான்.

மூன்றாம் படி: வழக்குக்குப் போன படம்

அதே 1958-ல் மாலும் மோரோவும் சேர்ந்து எடுத்த 'த லவ்வர்ஸ்'. தீஜோன் நகரத்துப் பத்திரிகை முதலாளியின் மனைவி, பாரிஸில் ஒரு காதலன், இரண்டிலும் சலிப்பு, வழியில் கார் நின்றுபோனபோது லிஃப்ட் கொடுத்த ஓர் இளைஞன். பிராம்ஸின் இசையோடு நிலா வெளிச்சத்தில் நீளமாக ஒரு காட்சி. இன்றைய கண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்று வெனிஸ் விழாவில் சிறப்புப் பரிசும் வந்தது, கலவரமும் வந்தது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இதைத் திரையிட்ட தியேட்டர் மேலாளர் ஒருவருக்கு ஆபாசம் என்று சொல்லி 2500 டாலர் அபராதம் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம்வரை போய் 1964-ல் தள்ளுபடியானது. ஆபாசத்துக்கு வரையறை சொல்ல என்னால் முடியாது, ஆனால் பார்த்தால் தெரியும், இந்தப் படம் அது இல்லை என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதியது இந்த வழக்கில்தான். 'பார்த்தால் தெரியும்' என்கிற அந்த வாசகம் அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமான படத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

என் கருத்து: படமாக இது முந்தையதைவிடச் சற்றுக் குறைவுதான், நிலாக்காட்சி கொஞ்சம் நீளம். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். விடிந்தபின் காரில், ஒரு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், செய்தது சரிதானா என்கிற சந்தேகம் அந்த முகத்தில் வந்து போகிறது. வசனம் எதுவும் தேவைப்படவில்லை. நேரமில்லை என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம், பின்னால் திரும்பி வரலாம்.

நான்காம் படி: 'லா நோத்தே', பொறுமை வேண்டும்

1961, அந்தோனியோனி, இத்தாலி. மிலான் நகரம், எழுத்தாளர் கணவராக மர்செல்லோ மஸ்த்ரொயானி, மனைவி லிடியாவாக மோரோ. ஒரு பகல், ஓர் இரவு, அவ்வளவுதான். சாகக் கிடக்கிற நண்பரை மருத்துவமனையில் பார்க்கிறார்கள், கணவரின் புத்தக வெளியீட்டுக்குப் போகிறார்கள், ராத்திரி ஒரு தொழிலதிபர் வீட்டு விருந்து, பிறகு விடியல். இரண்டு மணி நேரம் ஓடும். ஒன்றுமே நடக்கவில்லையே என்று முதல் அரைமணியில் கோபம் வரும். வரட்டும்.

நான் இதை நான்காவதாக வைத்ததற்குக் காரணம், முதல் பாதியில் அவர் புத்தக வெளியீட்டிலிருந்து நழுவி நகரத்தில் தனியாக நடக்கிற பகுதி. இரண்டாம் படியில் பார்த்த நடையை இதோடு வைத்துப் பாருங்கள். அதே ஆள், அதே கால், ஆனால் அங்கே தேடல், இங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை. சுவரில் பெயர்ந்த காரையை விரலால் பிய்க்கிறார், சண்டை போடுகிற பையன்களைப் பார்க்கிறார், நகர எல்லையில் யாரோ வாண ராக்கெட் விடுவதை நின்று பார்க்கிறார். இன்னொன்று, இத்தாலிய மொழியில் நீங்கள் கேட்பது அவர் குரலே இல்லை, வேறொரு நடிகையின் டப்பிங். குரலைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் மனுஷி எவ்வளவு சொல்கிறார் என்பதற்கு இது நல்ல பரிசோதனை. கடைசியில் புல்வெளியில் ஒரு கடிதம் படிக்கிற காட்சி இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள், ஒன்றும் குற்றமில்லை. நானும் முதல் முறை இரண்டு தவணையில்தான் பார்த்தேன்.

ஐந்தாம் படி: இப்போது 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்'

சரி, எல்லாரும் முதலில் கொடுக்கிற படத்துக்கு இப்போது வரலாம். 1962, ஃபிரான்சுவா த்ரூஃபோ. முதல் உலகப்போருக்கு முன் பாரிஸில் இரண்டு நண்பர்கள், ஒருவர் ஆஸ்திரியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். இருவருக்கும் நடுவில் கேத்தரினாக மோரோ. கதை, ஆன்ரி பியர் ரோஷே என்பவர் எழுபது வயதைத் தாண்டியபின் எழுதி வெளியிட்ட முதல் நாவல். தன் இளமையில் நடந்ததை வைத்து எழுதியது. படம் குறைந்த பணத்தில் எடுக்கப்பட்டது, மோரோவே உதவி செய்தார், படப்பிடிப்பில் குழுவுக்குச் சமைத்தும் போட்டார்.

இதை ஏன் முதலில் பார்க்கக் கூடாது என்று கேட்டால், கேத்தரின் ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண் வேஷம் போட்டு, மீசை வரைந்துகொண்டு, பாலத்தின் மேல் இரண்டு ஆண்களோடும் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள், எண்ணி முடிப்பதற்கு முன்பே கிளம்பி ஏமாற்றி ஜெயிக்கிறாள். பேச்சில் தன்னை மறந்துவிட்டார்கள் என்று தோன்றினால் ஆற்றில் குதிக்கிறாள். முதன்முறை பார்க்கிறவருக்கு இவள் ஒரு கிறுக்கு என்றுதான் படும், எனக்கும் அப்படித்தான் பட்டது. நடந்து நடந்து களைத்த ஃப்ளோரன்ஸையும் லிடியாவையும் பார்த்துவிட்டு வந்தால் இந்த ஓட்டம் வேறு மாதிரித் தெரியும். நிற்கப் பயப்படுகிறவளின் ஓட்டம் அது. த்ரூஃபோ ஓரிடத்தில் அவள் சிரிப்பை ஃப்ரேமோடு உறைய வைக்கிறார் பாருங்கள், சிரிப்பும் அந்த இறங்கிய உதடும் மாறி மாறி உறைந்து நிற்கும். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் நான் சொன்ன இரண்டு ஆளும் அங்கே இருக்கிறார்கள்.

நடுவில் ஒரு பாட்டு வரும், 'லெ தூர்பியோன்', சுழல் என்று அர்த்தம். கிதார் வாசிக்கிறவரே எழுதியது, பெயர் செர்ஜ் ரெஸ்வானி. படத்துக்காக எழுதியதில்லை, மோரோவையும் அவர் முதல் கணவர் ழான் லூயி ரிஷாரையும் மனதில் வைத்து வருடங்களுக்கு முன்பு எழுதிய பாட்டு. மோரோ பாடும்போது ஓரிடத்தில் அடிகளை மாற்றிவிட்டு, கையை ஆட்டித் தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்வார். த்ரூஃபோ அந்த டேக்கையே வைத்துக்கொண்டார். கவனமாகப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

ஆறாம் படி: இனி உங்கள் ருசிப்படி

இதுவரை வந்தவர்களுக்கு வரிசை தேவையில்லை. ஆனாலும் எது யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன்.

சூதாட்டக் கதை பிடிக்குமென்றால் 'பே ஆஃப் ஏஞ்சல்ஸ்', 1963, ழாக் தெமி. நீஸ் நகரத்துக் கடற்கரைச் சூதாட்ட விடுதிகள், வெள்ளை உடை, வெளுத்த பொன்னிறத் தலைமுடி, அடையாளமே தெரியாத மோரோ. உடைகள் பியர் கார்தான். அப்போது இருவரும் நெருக்கமாக இருந்தார்கள். பணம் போனாலும் வந்தாலும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுதான், சக்கரம் சுழல வேண்டும். எனக்கு அவருடைய படங்களிலேயே திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுவது இதுதான்.

விஷமம் பிடிக்குமென்றால் பூனுவெலின் 'டயரி ஆஃப் எ சேம்பர்மெய்ட்', 1964. பாரிஸிலிருந்து கிராமத்துப் பெரிய வீட்டுக்கு வேலைக்கு வருகிற பணிப்பெண். வீட்டுப் பெரியவருக்கு ஒரு பழக்கம், வேலைக்காரப் பெண்ணைக் குறிப்பிட்ட பூட்ஸ் போட்டு நடக்கச் சொல்லி உட்கார்ந்து பார்ப்பார். மோரோவின் நடையைப் பற்றிப் பூனுவெல் தன் நினைவுக் குறிப்பில் தனியாக எழுதியிருக்கிறார்: குதிகால் செருப்பின் மேல் அந்தப் பாதம் லேசாக நடுங்கும், அதில் ஒரு பதற்றம் தெரியும் என்று. மனிதர் இதற்காகவே அந்தப் பூட்ஸ் காட்சிகளை ரசித்து எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். படம் விளையாட்டாகத் தொடங்கி, பிரான்ஸில் 1930-களில் வளர்ந்த வெறுப்பு அரசியலில் போய் முடியும், அதற்கு மனசைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

பழிவாங்கும் கதை வேண்டுமானால் த்ரூஃபோவின் 'த பிரைட் வோர் பிளாக்', 1968. கல்யாணத்தன்று கோயில் வாசலில் கணவன் சுடப்பட, காரணமான ஐந்து பேரை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறவள். த்ரூஃபோவுக்கே இந்தப் படத்தில் திருப்தி இல்லை, எனக்கு இருக்கிறது.

வெறும் கொண்டாட்டம் வேண்டுமானால் 'விவா மரியா!', 1965, மறுபடி லூயி மால், மெக்சிகோவில் எடுத்தது. மோரோவும் பிரிஜித் பார்தோவும் ஊர் ஊராகப் போகிற நாடகக்காரிகள், நடுவில் புரட்சிக்கே தலைமை தாங்குகிறார்கள். இதுவும் கோர்ட்டுக்குப் போனது! டல்லஸ் நகரத் தணிக்கைக்காரர்கள் சிறுவர்களுக்கு ஆகாது என்று முத்திரை குத்தினார்கள், 1968-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியே தெளிவில்லாதது என்று அடித்துவிட்டது. ஒரே இயக்குநர், ஒரே நடிகை, இரண்டு உச்ச நீதிமன்ற வழக்கு. வேறு யாருக்காவது இப்படி வாய்த்திருக்குமா தெரியவில்லை.

ஆங்கிலத்திலேயே பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஆர்சன் வெல்ஸ். 'சைம்ஸ் அட் மிட்நைட்'டில் ஷேக்ஸ்பியரின் டால் டேர்ஷீட்டாகக் கொஞ்ச நேரமே வருவார். 'த இம்மார்ட்டல் ஸ்டோரி' ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக எடுத்த வண்ணப்படம், அமைதியாக ஓர் இரவு பார்க்கலாம்.

பாராட்டுப் பட்டியலைப் பார்த்துப் படம் தேர்ந்தெடுப்பவராக இருந்தால், அவருக்குக் கேன்ஸில் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்தது 1960-ல் வந்த 'மொதெராத்தோ கந்தாபிலே'. மார்கெரித் த்யூராஸின் கதை, பீட்டர் புரூக் இயக்கம், நம்மில் பலருக்கு மகாபாரதத்தை மேடையேற்றியவராகத் தெரிந்த அதே புரூக். நல்ல படம்தான், ஆனால் இதில் தொடங்கினால் மோரோ எப்போதும் சோகமாக ஜன்னலோரம் நிற்கிறவர் என்று முடிவுகட்டிவிடுவீர்கள். அதனால்தான் ஓரத்தில் வைத்தேன்.

ஏழாம் படி: வயதான மோரோ

எழுபதுகளுக்குப் பிறகு பெரிய வேடங்கள் குறைந்தன, ஆனால் அவர் ஓயவில்லை. 1971-ல், கருக்கலைப்பு பிரான்ஸில் குற்றமாக இருந்த காலத்தில், நானும் செய்துகொண்டேன் என்று பகிரங்கமாகக் கையெழுத்திட்ட 343 பெண்களில் அவரும் ஒருவர். இரண்டு கதைப்படங்கள் இயக்கினார்: 'லூமியேர்' (1976), 'லதொலெசான்த்' (1979). இரண்டாவது, 1939 கோடையில் ஒரு கிராமத்துக்கு விடுமுறைக்கு வருகிற சிறுமியின் கதை, பாட்டியாக சிமோன் சிஞோரே. கிடைத்தால் விடாதீர்கள்.

சின்ன வேடங்களில் இரண்டைக் கட்டாயம் பாருங்கள். 1974-ல் வந்த 'கோயிங் பிளேசஸ்', ழெரார் தெபார்தியூவும் பாத்ரிக் தேவேரும் அடாவடி இளைஞர்களாக ஊர் சுற்றுகிற படம். படம் முழுக்க எனக்கு ஒத்துவரவில்லை, பெண்களை நடத்துகிற விதம் பல இடத்தில் கசக்கிறது. ஆனால் சிறையிலிருந்து அன்றுதான் வெளியே வந்த பெண்ணாக மோரோ வருகிற பகுதியில் படத்தின் உயரமே மாறிவிடும். மற்றது 'நிகிதா', 1990, லுக் பெசோன். கொலைகாரியாகப் பயிற்சி பெறும் முரட்டுப் பெண்ணுக்கு, கண்ணாடி முன் உட்காரவைத்து அலங்காரம் செய்யவும் சிரிக்கவும் சொல்லிக்கொடுக்கிற பெண்மணி. மேக்கப்பைத் துடைத்துப் புகழ்பெற்ற நடிகை மேக்கப் பாடம் எடுக்கிறார். முதல் இரண்டு படியையும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியில் தனியாக ஒரு சிரிப்பு காத்திருக்கிறது.

பிரதிகளைப் பற்றி: மேலே சொன்னதில் பாதிக்கு மேல் கிரைட்டீரியன் நிறுவனம் துப்புரவாகச் சீர்செய்து வெளியிட்டிருக்கிறது, அந்தப் பதிப்புகள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஓடிடி தளங்களில் வரும், போகும், அதனால் பார்த்தவுடன் பார்த்துவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று பட்டியலில் சேர்த்துவைத்தால் காணாமல் போய்விடும். சென்னையிலோ புதுச்சேரியிலோ இருந்தால் பிரெஞ்சு மொழி, கலாசார மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் திரையிடல்கள் மேல் ஒரு கண் வையுங்கள். ஆங்கில டப்பிங் மட்டும் வேண்டவே வேண்டாம், காரணம் அடுத்த படி.

எட்டாம் படி: கண்ணை மூடிக்கொண்டு

அந்தக் குரல். சிகரெட்டில் ஊறி, கரகரத்து, தொண்டையின் அடியிலிருந்து எதையோ பாதி சொல்லிவிட்டு மீதியை வைத்துக்கொள்கிற குரல். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 1963-ல் ரெஸ்வானியின் பன்னிரண்டு பாடல்களைப் பாடி ஒரு இசைத்தட்டு வெளியிட்டார் (அட்டையில் ரெஸ்வானியின் புனைபெயரான பாசியாக் இருக்கும்), அதிலிருந்து தொடங்கலாம். த்யூராஸின் 'இந்தியா சாங்' படத்தின் பாடலை அவர் பாடிய பதிவும் இருக்கிறது, கல்கத்தாவை நினைத்து பாரிஸில் செய்த இசை. 1992-ல் வந்த 'த லவ்வர்' படத்தில் அவர் முகமே வராது, முதிய கதைசொல்லியின் குரலாக மட்டும் இருப்பார். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று மூன்றாம் படியில் சொன்ன படத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது பன்மை, இது ஒருமை.

எல்லாம் முடித்தபின் இணையத்தில் ஒரு சின்னக் காணொளியைத் தேடுங்கள். 1995 கேன்ஸ் விழாத் தொடக்கம். மோரோ நடுவர் குழுத் தலைவர். 1975-க்குப் பிறகு இரண்டாம் முறை. வயது 67. மேடையில் இளம் பாடகி வனேசா பாரடி அவரைப் பார்த்து 'லெ தூர்பியோன்' பாடத் தொடங்குகிறார். மோரோ முதலில் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், உதட்டு ஓரம் வழக்கம்போல் இறங்கியிருக்கும். அப்புறம் அவரும் சேர்ந்து பாடுவார்.